ஏறட்டும், இரு

என் மாமாவுக்கு,

நீ இருக்குற இடத்துல பனி உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. இங்க இந்த வருசம் மலையே வெள்ளையாக் கிடந்தது. புட்டியில இருந்த தேங்காண்ணெய் கல்லாப் போச்சு. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ எழுதுற எழுத்து இது, தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ. நம்ம ஜீப்புல ஏறுற ஜனங்களும் இதப் படிக்கட்டும். அவங்களுக்கும் சேர வேண்டிய சேதிதான்.

முதல்ல வண்டியப் பத்திச் சொல்லிடுறேன். நீ கேக்குற முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும்.

ஆவணியில நீ போன பிறகு என் தம்பி கோவிந்தன்தான் ஓட்டுறான். ஐப்பசி வரைக்கும் ஒரு குறையும் இல்ல. பனி இறங்கினதும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சிடுச்சு. காலையில சாவியத் திருப்பினா கரகரன்னு சுத்துது, பின்னால வெள்ளையாப் புகை வருது, பிடிக்க மட்டும் மாட்டேங்குது. செங்கம் சந்தைக்குப் போற ஜனமெல்லாம் மூட்டைய இறக்கி வெச்சிட்டுத் தள்ளுவாங்க. அதே வண்டி, மத்தியானம் ஒரே சாவியில எடுத்துக்கும்.

"உன் வூட்டுக்காரன் போன துக்கம்டி. காலையில அவன் கையத் தேடுது"ன்னு ஊருல சொன்னாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருநாள் யாரும் பாக்காதப்ப பானெட் மேல கைய வெச்சு, "எனக்கு மட்டும் துக்கம் இல்லையா? நான் எழுந்து அடுப்பு மூட்டலையா?"ன்னு கேட்டேன். சிரிக்காத.

கோவிந்தனுக்குப் பொறுமை போய்டுச்சு. "யக்கா, இத்தக் குடுத்துடலாம். ஜனம் எல்லாம் அந்தாண்ட ஜீப்புக்குப் போய்ட்டாங்க. கீழ ஒரு ஆளு வாங்கிக்கிறேன்னு சொல்லிக்கீறான். உடைச்சு இரும்பாப் போட்டுக்குவான்"னான்.

உடைச்சு இரும்பா. உன்ன மண்ணுல வெச்சப்ப வந்த அழுகை எனக்கு மறுபடி வந்துச்சு. ஒரே ஒரு தடவை வேல தெரிஞ்சவங்க யாராவது பாக்கட்டும், அப்பவும் ஆவலைன்னா குடுத்துடுன்னு சொன்னேன்.

செங்கத்துல இருந்து மெக்கானிக் பாய் ஒருத்தரக் கூட்டியாந்தான். நீ எந்த மெக்கானிக்கத்தான் வண்டிகிட்ட விட்ட? அதனால அவருக்கு உன்னத் தெரியாது. சாயங்காலமே வந்துட்டாரு. "வெய்யில் வந்தப்புறம் பாத்தா இதோட நோவு தெரியாதும்மா. பனியிலதான் பாக்கணும்"னு கோவிந்தன் வூட்டுலயே தங்கிட்டாரு.

காலையில முதல்ல பேட்டரியப் பாத்தாரு. முனையில உப்பாப் பூத்திருந்ததச் சுடுதண்ணி ஊத்திச் சுரண்டினாரு. வண்டி நல்லா வேகமாச் சுத்துச்சு, பிடிக்கல. அப்புறம் டீசல் குழாயத் தளர்த்தி, காத்து வாங்குதான்னு பாத்தாரு. அதுவும் இல்ல. பின்னால போய்ப் புகையவே கொஞ்ச நேரம் பாத்துக்கினு நின்னாரு. "டீசல் உள்ள போவுது, எரியத்தான் மாட்டேங்குது"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கினாரு. அப்புறந்தான் என்கிட்ட வந்தாரு.

"உங்க வூட்டுக்காரரு இருந்தப்ப பனிக்காலத்துல எப்படிம்மா எடுத்தாரு?"

நான் உன் சீட்டுல ஏறி உக்காந்தேன். அத்தனை வருசமும் பக்கத்து சீட்டுலதான, அங்க உக்காந்தது அதான் முதல் தடவை. "சாவியப் பாதி திருப்புவாரு. ஸ்டேரிங் மேல கைய வெச்சுக்கினு சும்மா இருப்பாரு. எடுய்யான்னு யாராவது கத்தினா, 'ஏறட்டும், இரு'ன்னுவாரு"ன்னேன்.

"யாரு ஏறட்டும்?"

"ஜனந்தான். காசியம்மா வரணுமே." நம்ம சரிவுக்குக் கீழ இருக்குறவ, ஒரு கால் சூம்பினவ, கோலூனி மேட்ட ஏறி வர நேரமாகும்னு அவருக்கு விளக்கமாச் சொன்னேன்.

பாய் சிரிச்சிட்டாரு. "ஜனம் இல்லம்மா, சூடு. சூடு ஏறட்டும்னு சொல்லிக்கீறாரு."

எஞ்சினுக்குள்ள ஹீட்டர் பிளக்குன்னு நாலு இருக்காம். பாதி சாவியில அது காயுமாம். அது காஞ்சாத்தான் பனியில டீசல் பத்திக்குமாம். காஞ்சிடுச்சுன்னு காட்ட முன்னால ஒரு சின்ன விளக்கு இருக்கு, அது எப்பவோ போய்டுச்சு. நாலு பிளக்குல ரெண்டு வேற போய்டுச்சு. அதனால இன்னும் அதிக நேரம் நிக்கணும். அது தெரியாம கோவிந்தன் வந்ததும் வராததுமாத் திருப்பிக்கினு இருந்திருக்கான். "மனசுலயே அளவு வெச்சிருந்திருக்காரு உங்க வூட்டுக்காரரு. இப்ப அதே மாதிரி எடுங்க பாக்கலாம்"னாரு பாய்.

சாவியப் பாதி திருப்பினேன். எவ்ளோ நேரம்னு எனக்கு இன்னா தெரியும்? உன் பக்கத்துல உக்காந்து உக்காந்து உடம்புக்குப் பழகின நேரம்தான். வாய் தன்னாலயே சொல்லுச்சு, ஏறட்டும், இரு. அப்புறம் முழுசாத் திருப்பினேன்.

எடுத்துக்கிச்சு மாமா. வண்டி குலுங்குச்சு, அதோட நானும் குலுங்கினேன். "அடப்பாவி மாமா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா"ன்னு கோவிந்தன் கண்ணத் தொடச்சுக்கினே உன்னத் திட்டினான். இரும்புக்குப் போடுற பேச்ச அதோட விட்டுட்டான். இப்ப நாலு பிளக்கும் புதுசு, விளக்கும் புதுசு. அது எரிஞ்சு அணையும், இவன் எடுத்துக்கினு போய்டுவான்.

வண்டி பொழச்சது சந்தோசந்தான். ஆனா எனக்குள்ள ஒரு முள்ளு குத்திடுச்சு. உன்னத் தூக்கிக்கினு போறப்ப, "எல்லாருக்கும் நின்ன மவராசன்"னு சொல்லித்தான் ஊரே அழுதுச்சு. நீ நின்னது எஞ்சினுக்குத்தானா? நாங்க உன் முகத்தப் பாத்துக்கினு இருந்தப்ப, நீ எதப் பாத்துக்கினு இருந்த?

அடுத்த சந்தை அன்னிக்கு விளக்கு அணைஞ்சதும் கோவிந்தன் கிளம்பிட்டான். வண்டி வளைவுல மறைஞ்ச பிறகு கோல் சத்தம் கேட்டுச்சு. தலையில நெல்லிக்காய் மூட்டையோட காசியம்மா மேல வந்தா. "போய்ட்டானா?"ன்னு கேட்டுட்டு அங்கயே கல்லு மேல உக்காந்துட்டா. "உம் புருசன் எனக்காக நிப்பான்டி."

அவரு உனக்காக நிக்கல, ஹீட்டருக்காக நின்னாருன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். மூட்டைய இறக்கிவுட்டேன்.

அவளே பேசிக்கினு இருந்தா. "போன சித்திரையில என்னால அவன் எவ்ளோ பேச்சு வாங்கினான்! நீயுந்தான கூட இருந்த?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னிக்குப் பலாப்பழம் ஏத்தியிருந்தோம். நடு மத்தியானம். சீட்டு சுட்டதுல ஒருத்தரும் சாஞ்சு உக்காரல. "இன்னாய்யா, வெந்து சாவுறோம், எடுய்யா வண்டிய"ன்னு பின்னால கத்தினாங்க. நீ திரும்பக்கூட இல்ல. "ஏறட்டும், இரு"ன்ன. கோல் சத்தம் மேட்டு மேல வந்துச்சு, காசியம்மா ஏறினா, அப்புறந்தான் சாவியத் திருப்பின. ஒரே திருப்புல எடுத்துக்கிச்சு.

அந்த வெய்யில்ல ஹீட்டருக்கு இன்னா வேல மாமா?

கோவிந்தன்கிட்ட சொன்னேன், விளக்கு அணைஞ்சாலும் நீ எடுக்காதன்னு. "எல்லாம் புதுசு போட்டாச்சேக்கா, இன்னும் எது ஏறணும்?"னு கேட்டான். "காசியம்மா ஏறணும்"னேன். முணுமுணுத்தான், ஆனா நின்னான்.

இப்ப மாசி. பனி குறைஞ்சிக்கினு வருது. சித்திரை வரும், சீட்டு சுடும், ஜனம் திட்டும். முன் சீட்டுல நான் உக்காந்திருப்பேன். மேட்டுல கோல் சத்தம் ஓயுற வரைக்கும் சாவி மேல யார் கையும் படாம நான் பாத்துக்குறேன்.

உன் மாமன் மவ,
அலமேலு