அந்தக் கருத்து என்னுடையது

சின்சூ
18 அக்டோபர் 2011

அன்பு மகன் சோங்-யிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே காற்றுக்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கிறது, மற்றபடி எல்லோரும் நலம். அங்கே சாவ் பாவ்லோவில் நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தாளை எடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய களிம்பைத் தடவுகிறேன், முழங்கால் பரவாயில்லை, மணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று மொட்டை மாடியில் கொடி அறுந்து உன் அப்பாவின் கம்பளிச் சட்டை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டது, அவர் போய் ஏழு வருடம் ஆகியும் அவர் சட்டை அந்த வீட்டுக்காரரோடு சண்டையை விடவில்லை. உன் தம்பி ஞாயிறு தோறும் வந்து போகிறான். நீ கடையில் குனிந்தே உட்கார்ந்து ரேடியோ பழுது பார்க்காதே, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து நட.

போன வாரம் நீ தொலைபேசியைக் கோபமாக வைத்துவிட்டாய். கோபப்படு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. கப்பலில் புத்தகம் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று மூன்று மாதம் கேட்டு, கடைசியில் "படிச்சியாம்மா, எப்படி இருந்துச்சு" என்று நீ ஆசையாகக் கேட்டபோது, "அட்டை நல்லா இருக்கு" என்று நான் சொன்னேன். போன வருடம் அனுப்பியதற்கும் அதையேதான் சொன்னேன், அதற்கு முந்தியதற்கு எழுத்து பெரிதாக இருக்கிறது என்றேன். "உனக்கு என்னோட பேசவே பிடிக்கலையாம்மா" என்று நீ கேட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அனுப்பிய நான்கு புத்தகங்களையும் நான் இரண்டிரண்டு தடவை படித்திருக்கிறேன் மகனே. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. படித்ததைப் பற்றி நினைத்ததைச் சொல்ல வாய் திறந்தாலே என் நாக்கு உலர்ந்துபோகும், அறுபத்தொரு வருடமாக அப்படித்தான். அது ஏன் என்று உன் அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்பில் நீ ஒரு நாவலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, ஆசிரியர் அதைப் பள்ளிச் சுவரில் ஒட்டப் போகிறார் என்று ஓடிவந்து காட்டினாய். நான் அதைக் கிழித்துக் கரி அடுப்பில் போட்டேன், உன் கன்னத்தில் அறைந்தேன், மறுநாள் பள்ளிக்கு வந்து அந்த ஆசிரியரிடம் என் மகன் எழுதவில்லை, எங்கோ பார்த்துக் காப்பியடித்தான் என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு நீ எழுதிய எதையும் என்னிடம் காட்டவில்லை. இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கலாம். ஏழு வயதில், கோயில் சந்தையில் அரிசிச் சேமியா விற்கிற ஒரு பெண் உன் கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். நான் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் கையைக் குழாயில் கழுவினேன். அவள் பெயர் கிம்-தோ. ஒரு காலத்தில் அவளும் நானும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் படித்தவர்கள்.

எனக்குப் பதினேழு வயது. பெண்கள் பள்ளியில் நாங்கள் ஐந்து பேர், சனிக்கிழமை பிற்பகலில் கிம்-தோவின் அப்பாவுடைய தையல் கடைக்குப் பின்னால் கூடுவோம். சியென் என்ற ஓர் இளம் ஆசிரியர் புத்தகம் கொடுப்பார். சட்டத்துக்கு விரோதமாக எதையோ செய்கிறோம் என்று சத்தியமாக எங்களுக்குத் தோன்றவில்லை, கதை படிக்கிறோம், சண்டை போடுகிறோம், அவ்வளவுதான். ஒரே பிரதி என்பதால் கிம்-தோவும் நானும் தோளோடு தோள் உட்கார்ந்து படிப்போம். அவள் வேகம். பக்கத்தின் அடியை எனக்கு முன்பே தொட்டுவிட்டு, சீக்கிரம் வா என்று நகத்தால் தாளின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். படித்து முடித்ததும் ஆளுக்கொரு துண்டுத் தாளில் கருத்து எழுதித் தருவோம். அவள் கையெழுத்துதான் அழகு என்பதால் எல்லாவற்றையும் அவளே ஒரு நோட்டில் நகல் எடுத்துவிட்டுத் துண்டுகளை அடுப்பில் போட்டுவிடுவாள். யார் கருத்து எது என்று பெயர் போடுவதில்லை.

ஒரு கதையில் பஞ்ச காலத்தில் ஒரு களஞ்சியக் காவல்காரன், மேலிருந்து உத்தரவு வரவில்லை என்று கடைசிவரை நெல்லைத் திறந்துவிடாமல் இருக்கிறான். கடமை தவறாதவன் என்று கதையை எழுதியவர் அவனைப் புகழ்கிறார். நான் இப்படி எழுதினேன், ஒரு எழுத்தும் மறக்கவில்லை: "நான் ஒப்பவில்லை. பசித்தவர்கள் பூட்டை உடைத்திருக்க வேண்டும்."

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் சியென் ஆசிரியர் வகுப்புக்கு வரவில்லை. அரசாங்கத்துக்கு எதிராக யோசிக்கிறவர்களைத் தேடிப் பிடித்த காலம் அது, இரண்டு நாள் கழித்துத் தையல் கடைக்கு ரகசியப் போலீஸ் ஆட்கள் வந்து, துணிக்கட்டுகளைக் கலைத்து, நோட்டையும் கிம்-தோவையும் கொண்டுபோனார்கள். அடுத்த திங்கட்கிழமை பள்ளி முழுவதையும் மைதானத்தில் நிறுத்தினார்கள். வெளியாள் ஒருவர் மேடையில் ஏறி, கெட்டுப்போன மனம் எப்படி யோசிக்கும் என்று கேளுங்கள் என்று சொல்லி நோட்டிலிருந்து வாசித்தார். பசித்தவர்கள் பூட்டை உடைத்திருக்க வேண்டும். என் வாக்கியம் ஒலிபெருக்கியில் வந்து சுவரில் மோதித் திரும்பி வந்தது. இதை எழுதியவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றார். நான் வரிசையில் நேராக நின்றேன். என் சட்டைப் பித்தான்களை மேலிருந்து கீழே எண்ணினேன், கீழிருந்து மேலே எண்ணினேன். கலைந்து போகச் சொன்னதும் எல்லோரோடும் கலைந்து போனேன். சியென் ஆசிரியர் திரும்பவே இல்லை. கிம்-தோவுக்குப் பன்னிரண்டு வருடச் சிறை, கடலுக்கு நடுவில் ஒரு தீவில்.

அவள் திரும்பி வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அவள் அப்பா இறந்துவிட்டார், கடையும் இல்லை, அவளை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. சந்தையில் சேமியா விற்றாள். அவளோடு பேசுகிறவர்களின் வீட்டுக்குக் காவலர்கள் வந்து விசாரித்துப் போவார்கள். உன் அப்பாவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. நான் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பிறகு சட்டங்கள் மாறின, காவலர்கள் வருவது நின்றது, நான் மட்டும் தெருவைக் கடப்பதை நிறுத்தவில்லை. வெளியில் நடந்தது இவ்வளவுதான். வீட்டுக்குள்ளே, எந்தப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாலும் பக்கத்தின் அடிக்கு நான் வரும் முன்பே யாரோ வந்துவிட்டிருப்பார்கள். தாள் ஓரத்தில் இரண்டு தட்டு. உன்னை வயிற்றில் சுமந்திருந்தபோது கேட்டிருக்கிறேன், உன் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் மருத்துவமனையில் உட்கார்ந்து படித்தபோதும் கேட்டிருக்கிறேன். காது டாக்டர் ஒன்றுமில்லை என்றார்.

இந்த வசந்தத்தில் நூலகத்தில் முதியவர்களுக்காக ஒரு வாசகர் வட்டம் தொடங்கினார்கள். சும்மா கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். மூன்றாம் கூட்டத்துக்குக் கிம்-தோ வந்தாள். தலை முழுக்க வெள்ளை, கண் பாதிதான் தெரிகிறது, கைத்தடியால் நாற்காலியைத் தடவிப் பார்த்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அன்று பேசிய நாவலில் ஒரு படகுக்காரன், தன் படகில் ஏறியவர்களில் ஒருவன் கொலைகாரன் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் அக்கரையில் இறக்கிவிடுகிறான். எல்லோரும் பாவம், பிள்ளைகுட்டிக்காரன், வேறென்ன செய்வான் என்றார்கள். என் முறை வந்தது. நூலகப் பெண் "நீங்க சொல்லுங்கம்மா" என்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். உடனே எதிரிலிருந்து கிம்-தோ, "அந்தக் குரல் பிக்-ஹுன்தானே? அவளுக்கு ஒரு புத்தகமும் முழுசா நல்லா இருந்ததா சரித்திரமே இல்ல. மழுப்பாம சொல்லச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் என் வாய் திறந்தது. "படகுக்காரன் நல்லவன் இல்ல, பயந்தவன். பயந்தவனைப் பயந்தவன்னுதான் எழுதணும், நல்லவன்னு எழுதினா செத்தவனுக்குத் துரோகம்" என்றேன். "நீ அவனை ரொம்ப அடிக்கிற. அதே படகுல வேற ஆளுங்களும் இருந்தாங்கல்ல, கவுந்தா எல்லாரும்தானே போயிருப்பாங்க" என்றாள் அவள்.

கூட்டம் முடிந்து வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். காற்றில் இருவருக்கும் நிற்க முடியவில்லை, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த வாக்கியம் என்னுடையது என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள், "நான்தானே நகல் எடுத்தேன், எனக்குத் தெரியாதா? அந்தக் கருத்து எனக்கு அப்பவே பிடிக்கல. பூட்டை உடைக்கிறது முட்டாள்தனம், சத்தம் கேக்கும். சாவியைத் திருடியிருக்கணும்" என்றாள். பிறகு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என் சட்டையை விடாமலே சொன்னாள்: "பெரிய தியாகம்னு நெனச்சுக்காத. முதல் நாளே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அவங்க, தையல்காரன் பொண்ணுக்கு இவ்வளவு யோசிக்கத் தெரியுமா, யாரு எழுதிக் குடுத்தான்னு சிரிச்சாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. நான்தான் யோசிச்சேன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதை விளக்கு விளக்குன்னு பதினோரு நாள். உன் கருத்தை உன்னைவிட நல்லா விளக்கினேன். பன்னிரண்டு வருஷம் போயிட்டு வந்தேன், இன்னும் எனக்கு அதுல உடன்பாடு இல்ல."

நான் மண்டியிடப் போனேன். கைத்தடியை என் முழங்காலுக்குக் குறுக்கே வைத்துத் தடுத்துவிட்டாள். "மன்னிப்பு கேக்காத. எங்கிட்ட அது இல்ல, தேடிப் பாத்துட்டேன். அந்தக் கடலைப் பொட்டலத்தை மட்டும் என்னால மறக்கவே முடியல. கண்ணு தெரியாதவளுக்குப் படிச்சுக் காட்ட ஆளு வேணும், அதுக்கு வர்றதா இருந்தா வா" என்றாள்.

அப்போதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அவள் வீட்டுக்குப் போகிறேன். நீ அனுப்பிய காப்பித் தோட்ட நாவலைத்தான் முதலில் படித்துக் காட்டினேன். இதோ என் கருத்து, எழுதிக்கொள். கப்பலில் வருகிற முதல் நூறு பக்கம் உண்மை, வாந்தி நாற்றம்கூட வருகிறது. தோட்டத்து முதலாளியை இவ்வளவு கெட்டவனாக எழுதியிருக்க வேண்டாம், அவன் வாயைத் திறக்கும் முன்பே என்ன சொல்வான் என்று தெரிந்துவிடுகிறது. தினமும் துறைமுகத்துக்குப் போய் மகனுக்காகக் காத்து நிற்கிற அந்தத் தாய் சுத்தப் பொய். அந்தப் பக்கங்களை எழுதியவர் யாரையும் வழியனுப்பிவிட்டு வீடு திரும்பியதில்லை. மகனை அனுப்பிய தாய் துறைமுகத்தில் நிற்க மாட்டாள், வீட்டுக்கு வந்து அரிசியை ஒரு பிடி குறைத்துப் போடுவாள், பல நாள் மறந்து பழைய அளவே போட்டுவிட்டு மறுநாளும் அதையே சாப்பிடுவாள். கிம்-தோவுக்கு அந்தத் தாயைத்தான் மிகவும் பிடித்திருக்கிறது. எனக்கு இதயம் இல்லை என்கிறாள். அவளுக்காகத் துறைமுகத்தில் நிற்க யாரும் இருக்கவில்லை, அதனால் நான் அந்த இடத்தில் வாதம் செய்யவில்லை.

இனிமேல் தட்டுச் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், தாள் ஓரத்தில் இரண்டு தட்டு விழுகிறது. தட்டுகிறவளுக்கு வயது பதினேழு. அவள் எந்தத் தீவுக்கும் போகவில்லை, கிழவியாகவில்லை, நான் வந்து சேருவதற்காக இன்னும் பக்கத்தின் அடியில் நிற்கிறாள். இதைக் கிம்-தோவிடம் சொன்னேன். "அவளுக்கும் சேத்துப் படி" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை நல்ல வெயில். கடைசி அத்தியாயத்தில் இருந்தோம். யாரோ கதவைத் தட்டினார்கள். மகனே, நான் உடனே புத்தகத்தை மெத்தைக்கு அடியில் தள்ளினேன், அதே இடத்தில் அவள் கையும் வந்தது, இருட்டில் எதையோ தேடுவதுபோல இரண்டு கிழவிகளின் கைகள் மெத்தைக்கு அடியில் முட்டிக்கொண்டன. பதிவுத் தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்து நின்றாள், பக்கத்தில் இருந்த கம்பளிச் சட்டையைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டாள், பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள், எங்கோ நெடுநாள் போகிறவள்போல. தபால்காரர் "அம்மா, கையெழுத்து மட்டும்தான்" என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் எனக்குக் கால் வந்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன். அவளுக்கு முன்னால் நான் போனேன், அதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கண் மருத்துவமனையிலிருந்து வந்த தேதிச் சீட்டு அது. திரும்பி வந்து உட்கார்ந்தோம், இருவருமே சிரிக்கவில்லை, விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆனது.

அடுத்த புத்தகத்தை அனுப்பு. பெரிய எழுத்தாக வேண்டாம், கதை நன்றாக இருந்தால் போதும். நீ என்ன நினைத்தாய் என்று முதலில் நீ எழுது, நான் கிழிக்க மாட்டேன், அடிக்கவும் மாட்டேன், ஒப்பாவிட்டால் ஒப்பவில்லை என்று பதில் எழுதுவேன். மருமகளுக்கு என் அன்பு. இருவரும் பல்லாண்டு மூச்சுமுட்டாமல் பேசிச் சிரித்து வாழ வேண்டும், உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒவ்வொரு கையும் நல்ல சேதியே கொண்டுவர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

இதற்கு மேலே ஒரு வரியை மை வழிய அடித்திருக்கிறேன், பார். படித்ததும் எரித்துவிடு என்று கை தானாக எழுதிவிட்டது. எரிக்காதே. வைத்துக்கொள்.

உன் அம்மா,
சாய் பிக்-ஹுன்