மூக்கால் சொல்ல வேண்டிய பூ

"மிஸ், நான் பூவா, கழுதையா?"

இன்று கல்கத்தா டாலிகஞ்ச் மார்க்கெட்டில் சரஸ்வதி பூஜைக்குச் செண்டுமல்லி மாலை வாங்கினேன். அந்தப் பச்சை வாடை விரலில் ஒட்டியதும், நாம் சேர்ந்து டீச்சராக இருந்த பள்ளியில் மிட்டு உன்னிடம் கேட்ட இந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

ஆறாம் வகுப்பை மதிப்பெண்படி மூன்றாகப் பிரித்த வருஷம். ஏ, பி, சி என்றால் பிள்ளைகள் மனம் நோகும், பூப்பெயர் வைப்போம் என்றார் தலைமையாசிரியை. ரோஜா, தாமரை, கடைசிப் பிரிவுக்குச் செண்டுமல்லி. வங்காளத்தில் அது காந்தா. மூக்கால் சொல்ல வேண்டும். மூக்கை விட்டுவிட்டால் காதா, கழுதை. முதல் நாள் பிரேயரில் உன் திருநெல்வேலி நாக்கு, "காதா செக்‌ஷன், வரிசையா வாங்க" என்று கூப்பிட்டது. பள்ளியே சிரித்தது. அந்தப் பிரிவிலிருந்த மிட்டு மட்டும் சிரிக்காமல் உன்னிடம் வந்து கேட்டாள். மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை.

"ஏட்டி, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. அவுக மனசுல வச்ச பேரைத்தான் சத்தமாச் சொல்லிட்டேன்" என்றாய் ஸ்டாஃப் ரூமில்.

பிறகு கணக்குப் பாடத்துக்கு மட்டுமாவது மூன்று பிரிவையும் கலந்து கொடுக்கும்படி கேட்டு வாங்கினாய். மிட்டுவை வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தாய். அன்று போர்டில் நீ எழுதியது இவ்வளவுதான்: விடை பன்னிரண்டு. கேள்வி என்ன?

மிட்டு தலை நிமிராமல் "பத்தும் ரெண்டும்" என்றாள். ரோஜாப் பையன் ஒருவன் பின்னமும் அடைப்புக்குறியுமாக அரைப் பக்கத்துக்கு ஒரு கணக்கை நீட்டினான். இருவரிடமும் நீ ஒரே குரலில் சொன்னாய்: "சரி, இன்னொண்ணு." துர்கா பூஜை லீவுக்குள் அவள் "நூறுல எண்பத்தெட்டு போனா" என்று கையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்.

அடுத்த வருஷமே ரோஜாப் பிரிவுப் பிள்ளைகளின் வீட்டார், கலக்கக் கூடாதென்று வந்து நின்றார்கள். பழையபடி பிரித்தாயிற்று. எத்தனை மீட்டிங், எத்தனை விளக்கம். நீ அலுத்துப்போனாய், நானும்தான். இப்போது பூவெல்லாம் போய் நதிப் பெயர்கள். எந்த நதி கழுதை என்று பிள்ளைகளுக்கு முதல் வாரமே தெரிந்துவிடுகிறது. மிட்டு பத்தாவது முடிக்கும்வரை பள்ளியில் இருந்தாள்; நமக்கு மிஞ்சியது அதுதான். இன்று பந்தலில் சரஸ்வதியின் கழுத்து நிறையக் கடைசிப் பிரிவுப் பூ. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

லேக் கார்டன்ஸில் எதிர் ஃப்ளாட்டுப் பெண் புதிதாக டீச்சராகியிருக்கிறாள். என்னைப் பெரியம்மா முறை வைத்து மாஷிமா என்பாள். "மாஷிமா, கிளாஸ்ல பிள்ளைங்க ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. எல்லாரையும் வச்சு எப்படி நடத்துறது?" என்று நேற்று கேட்டாள். என்னிடம் இருப்பது நீ விட்டுப்போனதுதானே. அதைச் சொன்னேன்:

"நாளைக்குப் போர்டுல விடையை மட்டும் எழுது. கேள்வியைப் பிள்ளைங்க சொல்லட்டும். கடைசி பெஞ்சுல ஆரம்பி."