ஒழுங்கையில் ஒற்றைப் பாலை

வன்னியிலிருந்து வந்தவர் ஒருவர் பாலைப்பழம் தந்தார். தின்றேன். பால் பிசுபிசுத்து உதடுகள் ஒட்டிக்கொண்டன. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய்.

தாவரவியல் படித்த நாம் இருவரும் சைக்கிளில் மரம் தேடி அலைந்த காலம். எங்கள் குடாநாட்டில் பனையும் வேம்பும் எங்கும் நின்றன. பழைய காட்டு மரங்கள் பெரும்பாலும் கோயில் வளவுகளில்தான். ஓரிடத்தில் இலுப்பை. இன்னோரிடத்தில் மருது. அளவெட்டியில், ஒடுங்கிய தெருவான ஓர் ஒழுங்கையின் முடக்கில், அந்தப் பாலை. தனியாக. அடியில் கன்று ஒன்றும் இல்லை. ஆடுகள் விட்டுவைக்கவில்லை.

பாலைமரக் காடு வன்னியில் அல்லவா?

"ஆரோ பழம் திண்டு கொட்டையைத் துப்பியிருப்பான்," என்றேன்.

"இல்லாட்டி முந்தி இஞ்சையும் காடாயிருந்து, உது மட்டும் மிஞ்சிச்சோ?" என்றாய்.

போர்த்தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த வருடம், மரத்தில் சுண்ணாம்புக் கோடு கண்டோம். விறகு விற்கும் விறகுகாலைக்காரர் அதை வெட்ட விலை பேசிவிட்டார். மறுநாள் விடிய, சைக்கிளில் ஒரு நீள்கல்லைக் கட்டிக்கொண்டு வந்தாய். வேரடியில் வைரவராக நட்டாய். சந்தனம் பூசி, செவ்வரத்தம்பூ வைத்தாய்.

"பாஸ்டரின்ரை மோன் வைரவர் வைக்கிறான். கொப்பர் அறிஞ்சால்?" என்றேன்.

"அப்பா மன்னிச்சிடுவார். உங்கடை வைரவர் என்ன சொல்லுவாரெண்டுதான் தெரியேல்லை."

அடுத்த வெள்ளி அங்கே விளக்கு எரிந்தது. கோடாலி வரவில்லை. பிறகு யாரோ வேலியும் அடைத்தார்கள். ஆடும் வரவில்லை. இனிக் கன்றுகள் முளைக்கும் என்றாய். முளைத்தன. வெள்ளிதோறும் சருகோடு முளைகளையும் கூட்டித் தள்ளினார்கள். சாமியின் முற்றம் துப்புரவாக இருக்கவேண்டுமே. அதை நாம் நினைத்தே பார்க்கவில்லை.

"மரம் தப்பிச்சுது. பிள்ளையள் போச்சு," என்று சிரித்தாய். கண் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நீ வன்னிக்குப் போகக் கிளாலியில் படகேறினாய். படகு கரை சேரவில்லை.

இன்று, பழம் ஒட்டிய வாயோடு, அங்கே போனேன். ஓர் அக்கா கூட்டிக்கொண்டிருந்தார். கல்லுக்குப் பின்னால், வேர் மடிப்பில், சாண் உயரத்தில் ஒரு கன்று. இலையைத் தடவிப் பார்த்தேன். பாலைதான்.

"அக்கா, உந்தக் கன்றைக் கூட்டேல்லையோ?"

"வைரவருக்குப் பின்னாலை விளக்குமாறு போடுறேல்லை, தம்பி. அது அவரின்ரை இடம்."

"ஆர் வைச்ச வைரவர்?"

"ஆர் வைக்கிறது? தானா வந்தவர்."

"ஓம்," என்று தலையாட்டினேன்.

அந்தப் பாலை எப்படி வந்ததென்று இன்னும் தெரியவில்லை. கல் எப்படி வந்ததென்பது மட்டும் என்னிடம் இருக்கிறது.