சாமி பூட்ஸ் போடலாமா?

கட்கி, புனே
புதன்கிழமை

அன்புள்ள தம்பி கோவிந்தராஜுக்கு அக்கா பவுன் எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போன் செய்தால் "டூட்டில இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். அதனால்தான் காகிதம். நம் சலீம் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன்னோடு எனக்கு ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் டீம் சமாச்சாரத்தைக் கொட்டாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

வேல் ஸ்போர்ட்டிங்கின் மானம் கப்பலேறிவிட்டது. போன சனிக்கிழமை ஔந்த் டீமிடம் நாலு கோல் வாங்கினோம். நாம் போட்டது முட்டை. இனி கோந்த்வாவோடு ஒரே ஆட்டம்தான் பாக்கி, வருகிற சனிக்கிழமை. ஜெயித்தால் முதல் டிவிஷனில் இருப்போம், டிரா ஆனாலும் கீழேதான். நீ கேப்டனாக நின்று மேலே ஏற்றிவிட்ட டீம், உன் மருமகன் கௌஷிக்காலேயே இறங்கப்போகிறது என்று பஜார் முழுக்கப் பேச்சு.

அவன் செய்த காரியத்தைக் கேள். சீசன் நடுவில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான். கோயிலுக்குக் கூப்பிட்டால் "நான் செருப்பைப் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்று வெளியே நிற்கிற பிள்ளை அவன்! கார்த்திகை பிறந்த அன்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் குருசாமியிடம் போய்விட்டு, கறுப்பு வேட்டியோடு வந்து நிற்கிறான். என்ன வேண்டுதல் என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை. மலைக்குப் போய் வரும்வரை செருப்பு கிடையாது. செருப்பே கிடையாது என்றால் பூட்ஸுக்கு எங்கே போவது? வெறுங்காலோடு ரெஃப்ரி உள்ளே விடமாட்டார். நம் டீமில் கோல் போடத் தெரிந்த கால் இருப்பது ஒருத்தனுக்குத்தான், அவனும் உட்கார்ந்துவிட்டான்.

வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. மாலை போட்டவனைச் சாமி என்றுதானே கூப்பிட வேண்டும்? "ஏன் சாமி இப்படி எங்க கழுத்த அறுக்கறீங்க" என்று பெற்ற பிள்ளையை மரியாதையோடு திட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போகிறான். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

ஔந்த் ஆட்டத்துக்கு முந்தின ஞாயிறு என் இட்லி வண்டியைச் சுற்றிக் கமிட்டி கூடியது. டேனியல் பெயருக்குத்தான் கோச். பதினோரு பேர் யார் என்று முடிவு செய்வது இன்றைக்கும் என் சாம்பாரைக் குடித்துக்கொண்டு கத்துகிற கும்பல்தான். ஹெர்பர்ட் சர்ச் முடிந்து நேராக வந்தான், கையில் தட்டை வாங்கியதும் ஒரு பாயிண்டைப் பிடித்தான். "இன்னாக்கா, இந்த சாமி ரஞ்சன்காவ் கம்பெனில ஷூ போட்டுகினுதானே வேலை செய்யுது? அங்க போட்டா தப்பில்ல, இங்க போட்டா தப்பா?" என்றான். நியாயம்தானே! பாதுகாப்பு ஷூ இல்லாவிட்டால் கம்பெனி கேட்டில் விடமாட்டார்கள், பிழைப்புக்காகப் போட்டால் குற்றமில்லை என்று குருசாமியே சொல்லியிருந்தார்.

உடனே எல்லோரும் கிளம்பினோம். கால்பந்தும் இவனுக்குப் பிழைப்புதான் என்று ஒரே குரலில் சொல்வதாக வழியெல்லாம் ஒத்திகை. குருசாமி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப ஆட்டத்துக்கு இவருக்குக் கூலி உண்டா?" என்றார். உண்டு என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது கதை. ஹெர்பர்ட்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "கூலியா? வேல் ஸ்போர்ட்டிங்ல எவனும் ஒத்தப் பைசா வாங்கினதில்ல சாமி! மானத்துக்கு ஆடற டீமு இது!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "மானத்துக்கு பூட்ஸ் எதுக்கு சாமி?" என்று குருசாமி விபூதி கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது ஹெர்பர்ட்டோடு யாரும் பேசவில்லை.

அப்புறம் ஔந்த் ஆட்டம். அவர்கள் டீம் பிள்ளைகள் கார்களில் வந்து இறங்கினார்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நம் ஆட்கள் பாதி ஆட்டத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் அந்தப் பக்கத்துக் கூட்டம் நம் கோட்டோரம் உட்கார்ந்திருந்த கௌஷிக்கைப் பார்த்து "சாமியே!" என்று கத்தியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன ஞாயிறு மறுபடி கமிட்டி. டேனியல், "கோந்த்வாவும் நம்மள மாதிரி அடியில கெடக்கற டீம்தான், பார்த்துக்கலாம்" என்று சமாதானம் சொன்னான். சலீமின் வீடே அங்கேதான் இருக்கிறது, அவர்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "பின்னாடி புதுசா ரெண்டு பேர் நிக்கறானுங்க, சுவரு மாதிரி. நாம டிராவுக்கு ஆடினாக்கூட கஷ்டம்" என்றான். டிரா எதற்கு, டிராவை வைத்து நாக்கா வழிப்பது என்று நான் கரண்டியோடு சண்டைக்குப் போனேன். அஞ்சு பேரைப் பின்னால் நிறுத்தலாம் என்றான் ஒருத்தன். கார்னரை நம்பலாம் என்றான் இன்னொருத்தன். "அரே, கோல் போட ஆளு யாருன்னு மொதல்ல சொல்லுங்கடா" என்று ஹெர்பர்ட் கத்தினான்.

நடுவில் மாலையைக் கழற்ற வழியே கிடையாதா என்று யாரோ கேட்டார்கள். நெருங்கிய சொந்தத்தில் சாவு விழுந்தால் கழற்றிவிட வேண்டும், வேறு வழி இல்லை என்றான் டேனியல். ஹெர்பர்ட் வாய்தான் உனக்குத் தெரியுமே. "அப்ப கோவிந்தராஜுக்கு ஒரு போன் போடுங்கப்பா. மஸ்கட்ல சும்மாதானே கெடக்கறான், டீமுக்காக இதக்கூட செய்ய மாட்டானா?" என்றான். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பாடை கட்டிப் பேசிக்கொள்கிறவர்கள்தானே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்த கௌஷிக் அதைப் போட்டுவிட்டு ஹெர்பர்ட்டின் சட்டையைப் பிடித்துவிட்டான். அப்பன் வயதுக்காரன் சட்டையை! "மாமாவ அப்படி சொல்லாத அங்கிள், சொல்லாத" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். நான்கு பேர் பிடித்து இழுத்தார்கள். மாலை போட்ட பிள்ளை என்றும் பார்க்காமல் நான் கரண்டியை ஓங்கிவிட்டேன்.

வண்டியை அப்படியே சலீமிடம் விட்டுவிட்டு அவனை வீட்டுக்கு இழுத்து வந்தேன். என் காலில் விழுந்து அழுதான். சாமி மனுஷி காலில் விழலாமா என்று தூக்கி உட்கார வைத்தேன். அப்புறம்தான் அவனுடைய உடைந்த தமிழில் சொன்னான்: "மாமாக்கு நெக்ல கட்டி இருக்கும்மா. டாக்டர் டெஸ்ட் எழுதிட்டாரு. மாமா போக மாட்டேங்கறாரு, டர்றாரு, ரொம்ப பயம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு பிராமிஸ் வாங்கிட்டாரு. நான் வேற என்னம்மா பண்றது?"

இதுதான் உன்னோடு எனக்குச் சண்டை. ஏன்டா, நான் செத்தா போய்விட்டேன்? டாக்டர் எழுதின இங்கிலீஷ் சீட்டைப் படித்துச் சொல்ல மருமகன் வேண்டும், கூடப் பிறந்தவள் வேண்டாமா? நான் அழுவேன் என்றாயாமே. ஆமாம், அழுவேன். அழுதுவிட்டு மூக்கைச் சிந்திவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பேன். உனக்கு என்றைக்கு என் அழுகையால் காரியம் கெட்டது? இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றி, அவன் அதைச் சுமக்கத் தெரியாமல் அய்யப்பனிடம் ஓடியிருக்கிறான். ஊரில் உள்ள சொல்லையெல்லாம் வாங்கிக்கொண்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு வருகிற கோபத்துக்கு நீ கையெட்டும் தூரத்தில் இல்லாதது உன் அதிர்ஷ்டம்.

திங்கட்கிழமையிலிருந்து என் வண்டியைச் சுற்றி ஒரே கச்சேரிதான். போன மாதம் பெனால்டி தவறவிட்டவன் பயந்துபோய் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டான் என்கிறார்கள். மாலை போட்டும் கை நீட்டுகிறானே, வளர்ப்பு சரியில்லை என்கிறார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சும்மா இருந்து நீ பார்த்திருக்கிறாயா? உன் விஷயம் சந்திக்கு வரக்கூடாது என்று சட்னியை ஊற்றிக்கொண்டு நிற்கிறேன். ஹெர்பர்ட் மட்டும் ஏதோ மோப்பம் பிடித்துவிட்டான். நேற்று தனியாக வந்து, "பவுனக்கா, கோவிந்து நல்லாத்தானே கீறான்?" என்று கேட்டான். நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சலீமிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் உன் ரூமுக்கு வருவான். டூட்டி, சூப்பர்வைசர், அடுத்த மாசம், இந்தக் கதையெல்லாம் அவனிடம் செல்லாது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்களாம், அவ்வளவுதான். முழங்கால் கிழிந்து எலும்பு தெரிய ஆடினவன் நீ. உனக்கு ஊசிக்குப் பயமா? பயமாக இருந்தால் இருக்கட்டும், பயந்துகொண்டே போ. என்ன சொன்னாலும் முதலில் எனக்குச் சொல், கௌஷிக்குக்கு அல்ல.

மாலையைக் கழற்று என்று இனி நான் அவனிடம் சொல்லமாட்டேன். சனிக்கிழமை டேனியல் யாரை முன்னால் நிறுத்துவானோ தெரியாது. நமக்கு ஜெயிக்கிற யோகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அந்தக் கோபம் வேறு ஒரு பக்கம் இருக்கிறது. போகட்டும், கீழே போனால் போகட்டும்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும்டா தம்பி. ரெண்டாவது டிவிஷனில் இந்த டீம் படப்போகிற கேவலத்தையெல்லாம், ஒரு ஆட்டம் விடாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து நீ பார்க்க வேண்டும்.

உன் அக்கா
பவுன்