மரவள்ளிக் காட்டைச் சரிவென்று குறித்த வரைபடம்

அன்புள்ள தங்கராசு அண்ணனுக்கு,

நீங்கள் இறந்த மண்சரிவை நேற்றுதான் வரைந்து முடித்தேன். புதிய செயற்கைக்கோள் படத்தில் கொல்லிமலைக் குண்டூர் நாட்டுப் பக்கம் அந்தச் செம்மண் பளிச்சென்று தெரிகிறது. "இப்பத்தாங்க சரியான ஆதாரம் கெடச்சிருக்குது" என்றார் ஆபீஸில் அதிகாரி.

அதற்கு முன்பு ஆதாரம் இல்லாமலா இருந்தது? கொல்லிமலையில் எங்கெங்கே, எப்போதெல்லாம் மண் சரிந்தது என்று பல வருடப் படங்களை ஒப்பிட்டு நான் போட்ட முதல் வரைபடத்தைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். வெறும் மண்ணாகத் தெரிந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் சரிவென்று குறித்திருந்தது. நானும் நம்பிவிட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, இது எங்க மரவள்ளிக் காடுங்க. கெழங்கு புடுங்கிப் போட்டிருக்கறோம். நெசமாச் சரிஞ்சது அந்தச் சில்வர் ஓக் நிக்கிற எடமுங்க. மரம் வெச்சு, மொளகுக் கொடி ஏத்தி மறைஞ்சு போச்சு" என்றீர்கள்.

நடந்து போய்ப் பார்த்தோம். மேலே பிறைபோல வெட்டுண்ட விளிம்பு, கீழே புடைத்த மண், நடுவில் சாய்ந்து நின்ற மரங்கள். பழைய சரிவேதான். வரைபடத்தைத் திருத்தி ஆபீஸில் கொடுத்தேன். "மரவள்ளிக் காட்டையே சரிவுன்னு போட்டவங்கதானே நீங்க" என்று அதையும் ஓரங்கட்டினார்கள். பச்சையாக இருக்கிறதாம், பயமில்லையாம். அந்த மேட்டின் அடியைத்தான் ரோட்டுக்காக வெட்டினார்கள். கண்ணிருந்தும் குருடர்கள்.

மேலே விரிசல் விட்டதும் எனக்குப் போன் செய்தீர்கள். நான் என்ன சொன்னேன்? "போட்டோ இருந்தாத்தான் நம்புவாங்கண்ணா, ஒண்ணு எடுத்து அனுப்புங்க." அந்த மழையில் நீங்கள் ஏன் போனீர்கள்? போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்று என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? என் கோபத்தில் பாதி என்மேல்தான், அண்ணா. கொஞ்சம் உங்கள்மேலும் இருக்கிறது.

துக்கம் கேட்கப் போனபோது அண்ணி அழவில்லை. "அந்தப் போட்டோ உனக்கு வந்துச்சா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

"வரலீங்க அண்ணி" என்றேன்.

இப்போது அறிக்கையில் காரணம் 'கனமழை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மேட்டின் மீதிப் பாதி இன்னும் சரியாமல் நிற்கிறது, அதன் கீழேதான் அண்ணி இருக்கிற உங்கள் வீடு. மழைமேல் பழி போட்டால் மறுபடியும் வெட்டுவார்கள். 'அடிவாரத்தை வெட்டியது' என்றே எழுதியிருக்கிறேன். சரிவை முதலில் கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். வேலையே போனாலும் சரி, இந்த இரண்டில் எதையும் அழிக்க விடமாட்டேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
செல்வி