இருபது எண்ணச் சொன்ன புத்தகம்

12.2.1984, ஞாயிறு, காலை ஆறு பத்து. யார் மேலும் கை வைக்காமல் இருந்த நாள் அறுபத்து நாலு. நேற்றோடு முடிந்தது.

தேவகிக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய். நூறு நாள் யாரையும் அடிக்காமல் இருந்தால்தான் சித்திரைக்கு ஆரணியில் இறங்கி சேவூருக்கு வருவேன் என்று எழுதி, கோபத்தை அடக்க ஒரு புத்தகமும் அனுப்பினாயே, அதை இரண்டு தடவை படித்தேன். கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே விடு, இருபது வரை எண்ணு என்கிறான் அதை எழுதினவன். நான் ஐ.டி.ஐ. படித்தவன். எந்த மிஷின் புத்தகத்திலும் எப்போது கையை எடுக்கக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும், இதில் எங்கேயும் இல்லை. நடுவில் லைப்ரரியில் ஒரு சரித்திரக் கதை எடுத்தேன், தெள்ளாற்றில் நடக்கிற சண்டை. நான் மோட்டார் ரிப்பேருக்குப் போகிற ஊரில் இத்தனை தலை உருண்டதா என்று வெட்டுகிற பக்கங்களை மட்டும் திருப்பித் திருப்பிப் படித்தேன். உன் புத்தகம் தூக்கம் வரவழைத்தது, இது ரத்தத்தைச் சூடேற்றியது, மறைக்க என்ன இருக்கிறது.

நேற்றுக் காலை சேவூரில் நம் தெருவில் தறிக்குப் பட்டுப் பாவு நீட்டினோம். தெரு நீளத்துக்கு இழை, ஒரு முனைக் கோலை நான் பிடித்து, மறுமுனையை உன் சித்தப்பா திருமலை பிடித்து, இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து உடம்பு பாரத்தில் இழுத்துக்கினு இருந்தோம். பக்கத்து வீட்டு வேடியப்பன் சைக்கிளோடு வந்து வழி விடு, ஜல்தி என்று பேஜார் பண்ணினான். சுத்திக்கினு போய்யா என்றேன். பம்பாயில் உன் பொண்ணு நைட் டூட்டின்னு யார்கூட சுத்திக்கினு இருக்காளோ, அவளை இழுத்துக் கட்ட துப்பில்லை, தெருவை இழுத்துக் கட்ட வந்துட்டான் என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. கோலை விட்டேன். எண்ண ஆரம்பித்தேன். மூன்று சொல்வதற்குள் திருமலை மல்லாக்க விழுந்து வாசல் கல்லில் பின்மண்டை பிளந்தது. ஏழு தையல். ஒரு முனையை விட்டால் எதிர்முனைக்காரன் விழுவான் என்று நம் தெருவில் குழந்தைக்கும் தெரியும், எனக்கு அந்த நிமிஷம் தெரியவில்லை.

அதற்கப்புறம் எண்ணவில்லை. அதே கோலை எடுத்து வேடியப்பனை அடித்தேன். கதையில் வருகிற தளபதி மாதிரி இருந்தது எனக்கு, சத்தியமாக அப்படித்தான் இருந்தது. ஆனால் கதையில் வெட்டுப்பட்டவன் அடுத்த வரியில் காணாமல் போய்விடுகிறான். வேடியப்பன் போகவில்லை. உடைந்த இரண்டு பல்லை உள்ளங்கையில் துப்பி, முழங்கை தப்பான பக்கம் மடங்கிக் கிடக்க, என்னையே பார்த்துக்கினு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்சாதி உண்ணாமலை வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். இதையெல்லாம் எழுத அந்தக் கதைக்காரனுக்குப் பக்கம் போதவில்லை போலிருக்கிறது.

உன் அம்மா விலக்க வந்தாள். கோல் என் கையில்தான் இருந்தது, அவள் பக்கம் நான் ஓங்கவில்லை. ஆனாலும் அவள் வலது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இடது காது யாரால் போனது என்று உனக்குத் தெரியும். மிச்சம் இருக்கிற ஒன்றை என்னிடமிருந்து காப்பாற்றினாள். அப்போதுதான் கோலைப் போட்டேன்.

அறுபத்தைந்து என்று எழுதி உன்னை வரவழைக்க எனக்கு ஒரு கார்டு போதும், இங்கே யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தொண்டை வலிக்கு வெந்நீர் குடி. நீ நன்றாக இருக்கவேண்டும், இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதோ இல்லையோ. இனி செய்யப்போவது:

1. இதைத் தபாலில் போட்டுவிட்டு நானே போலீஸ் ஸ்டேஷன் போகிறேன். வேடியப்பன் கம்ப்ளெயிண்ட் கொடுக்கப் பயப்படுகிறான்.

2. திருமலை எழுந்து நடக்கும்வரை அவன் தறி வேலையும் நான் பார்ப்பேன், ஸ்டேஷனில் விட்டால்.

3. செவ்வாய்க்கிழமை அரக்கோணத்தில் அம்மாவைப் பம்பாய் மெயில் ஏற்ற உன் மாமன் சம்பந்தத்திடம் சொல்லிவிட்டேன், அவனும் கூட வருகிறான். சித்திரைக்கு நீ இங்கே வரவேண்டாம்.

4. அவள் திரும்பி வரவேண்டுமா என்பதை நீயும் அவளும் பேசி முடிவு பண்ணுங்கள். நான் கேட்டு எழுதமாட்டேன்.

அப்பா,
ரங்கசாமி