வெடி கொளுத்திய தெருவிலிருந்து

ராயபுரம்

அன்பு மகள் ஜானட்டுக்கு, ராயபுரம் சாம்ராஜ்யத்தின் முடிசூடா மன்னனும், துறைமுகத்து கிரேனையே அதட்டி வேலை வாங்கியவனுமாகிய உன் சித்தப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் சித்தியும் நானும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் இந்த முறை பேனா தயங்குகிறது.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் காகிதம் பிடித்தேன். உங்கள் ஊர்க் கடைத்தெருவில் எவனோ கண்மண் தெரியாமல் சுட்டதும், அடிபட்டவர்களையெல்லாம் உன் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு வந்ததும், நர்ஸ் உடுப்போடு நீ விடிய விடிய நின்றதும் மாப்பிள்ளை டெரிக் சொல்லித் தெரியும். நான் என்ன செய்தேன், என் ஜானட் பறந்து வந்த குண்டை வெறுங்கையால் பிடித்துப் பாக்கெட்டில் போட்டாள் என்று கல்மண்டபம் வரை பரப்பினேன். நீ வீடியோவில் வருகிறாய் என்றதும் தெருவையே கூட்டினேன். நம் தெருவில் குழந்தை பிறந்தாலும் வெடி, சவம் எடுத்தாலும் வெடி, மரியாதைக்கு வேறு வழி தெரியாத கூட்டம். உன் முகம் தெரிந்ததும் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தச் சொன்னவன் நான்தான். சரம் படபடத்ததும் உன் முகம் போய், உங்கள் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. டவர் போச்சு என்று சிரித்தேன், தெருவே சிரித்தது. எதிர்வீட்டு ஷாலு மட்டும், இன்னா நைனா, துப்பாக்கியில அடிபட்டவங்கள பாத்துகினு வந்த பொண்ணு காதுல வெடியா வெடிப்பே என்றாள். நீ மேசைக்கடியில் காதைப் பொத்திக் கிடந்தாய் என்று டெரிக் பிறகு சொன்னார். சித்தி சபித்தும் அடங்காத என் வாய் அன்று அடங்கியது.

நீ சொல்ல வந்ததையும் அவரே சொன்னார். யாரை முதலில் பார்ப்பது என்று பிரித்து அனுப்பும் வேலை உனக்கு. பிழைக்க மாட்டார் என்று தெரிந்த ஒரு பெரியவருக்குக் கறுப்புச் சீட்டைக் கட்டிவிட்டு, தொடையில் இரத்தம் பீறிட்ட பெண்ணிடம் ஓடினாயாம். அவள் பிழைத்தாள். பெரியவர் உன் கையைப் பிடித்திருந்தார், அந்த விரல்களை நீயே விலக்கினாயாம். அதைச் சொல்லி அழத்தான் என்னைக் கூப்பிட்டாய் மகளே, நான் திருவிழா நடத்திவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் டெரிக்கோடு போ, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கல்லறைத் திருநாளன்று காசிமேட்டில் உன் அப்பாவுக்கு ஏற்றும் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவருக்கும் ஒன்று ஏற்றுவேன். பூசையில் வாசிக்க அவர் பெயர் தெரிந்தால் சொல். தெரியாவிட்டால், ஜானட்டின் கையைப் பிடித்திருந்தவர் என்றே சாமியாரை வாசிக்கச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒருமுறை போனை எடு. நான் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் சித்தப்பா,
லியோனார்ட்